நாலு வாக்கியத்துக்கு ஒரு தடவை

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை நான் யோசிக்கவில்லை, ஒட்டுக்கேட்டேன். பல் டாக்டரின் வராந்தாவில் என் வாய் மரத்துக் கிடந்தது. காது நன்றாகவே வேலை செய்தது. பக்கத்து நாற்காலிப் பெண் கரகரக்கும் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கத்தினாள்: "அக்கா, நாலு வாக்கியம் ஆச்சு. கேட்டதைத் திருப்பிச் சொல்லு!"

2
கடல் கொந்தளித்த ஓர் இரவில் அந்த

(வேண்டாம். அக்கா கப்பல் எஞ்சினியர்தான். அதற்காகக் கடலைத் தொந்தரவு செய்வானேன்?)

2, மறுபடியும்
மூன்று வருஷம் முன்பு, இதே மாதிரி கரகரப்பில் அக்கா கேட்டாள்: "உன் கல்யாணத்துக்கு நான் வேணுமா?"

"வேணும்" என்றாள் தங்கை. "வேணாம்" என்று போய்ச் சேர்ந்தது.

"சரி, உன் இஷ்டம்."

அக்கா வரவில்லை. அப்புறம் பேச்சே இல்லை. இத்தனைக்கும், இரைச்சலில் சிதையும் செய்தியைச் சரிசெய்வதுதான் தங்கையின் ஆராய்ச்சி!

3
தங்கை போனில் விளக்கியது இது: கடிதத்தில் ஒரு சொல் அழிந்தால் மற்ற சொற்கள் தாங்கிக்கொள்ளும். உரையாடலில் ஒன்று பிசகினால், பின்னால் வரும் ஒழுங்கான பதில்களெல்லாம் தப்பான கேள்விக்குப் போய் உட்காரும். அதனால் நாலு வாக்கியத்துக்கு ஒரு தடவை சொன்னதையும் கேட்டதையும் ஒப்பிட வேண்டும்; ஒத்துவராவிட்டால் இருவரும், கடைசியாக ஒத்துவந்த இடத்துக்குப் பின்னால் போக வேண்டும். (‘பின்னால் போ’ என்பதே தப்பாய்க் கேட்டால்? அதற்கும் கணக்கு இருக்கிறதாம். நான் கேட்கவில்லை. வாயில் பஞ்சு.)

4
"நீ கோபமா இருக்கேன்னு சொன்னே" என்றாள் அக்கா.

"கோபமே இல்லைன்னேன்! நாலையும் அழி. பின்னாடி போ."

"எவ்வளவு பின்னாடி?"

"மூணு வருஷம்."

இந்த இடத்தில் எனக்கு அக்கா மேல் சந்தேகம். கப்பலில் லீவு கிடைக்காத ஒருத்திக்கு ‘வேணாம்’ வசதியான சொல் இல்லையா? அப்படியே எழுதியும் விட்டேன். பிறகு அதை அடித்துவிட்டேன். ஏனென்றால் அவள் சொன்னது இது:

"அன்னிக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சுடி. திரும்பக் கேக்க ரோஷம்."

"உன் ‘சரி’ சரியில்லைன்னு எனக்கும் தெரிஞ்சுது. நானும் கேக்கலை."

அக்கா திருப்பிச் சொன்னாள். தங்கையும் சொன்னாள். முதல் தடவையாக ஒத்துப்போனது.

"வியாழக்கிழமை என் கப்பல் கரைக்கு வருது. நீ"

5
நர்ஸ் என்னைக் கூப்பிட்டுவிட்டாள். பல்லுக்காகக் கதையைப் பாதியில் விட்டவனை மன்னியுங்கள். முடிவு மூன்று எழுதினேன். மூன்றிலும் இருவரும் அழுகிறார்கள், எனக்கே சலிப்பு. வியாழக்கிழமை துறைமுகத்தில் யார் முதலில் வாய் திறப்பது, என்ன சொல்வது என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று: அங்கே இருவரும் நேருக்கு நேர் நிற்பார்கள். சரியாகக் கேட்கவில்லை என்று சாக்குச் சொல்ல முடியாது.