நீலத் தொட்டி

இடது காலுக்குச் சொக்ஸ் ஏறிவிட்டது. வலது காலின் விரல்கள் விறைத்துப்போய் மல்லுக்கு நின்றன. சவப்பெட்டியோரம் குனிந்து, அப்பாவின் கால் நகத்தடியில் ஒட்டியிருந்த தொட்டிப் பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தான் றோய். வாசலில் ஒரே பரபரப்பு.

"யேசுரத்தினத்தோட மக வந்துட்டா!"

அப்படியென்றால் இவன் யார் மகனாம்? சொக்ஸைப் பையில் திணித்துக்கொண்டு எழுந்தான். மூன்று நாளாகப் பதுளை ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டிலடியில் கிடந்தவன் இவன். அவர் வாய் திறந்தபோதெல்லாம் கேட்டது, "பிள்ளையோட மீன் எப்படிடா இருக்கு?" என்றுதான். நீ சாப்பிட்டியா என்று ஒரு வார்த்தை இல்லை.

தங்கச்சி நிலக்ஷனா பெட்டிமேல் விழுந்து அழுதாள். தேயிலைத் தோட்டத்து லய வீட்டுப் பெண்களெல்லாம் அவளைத்தான் கட்டிப்பிடித்தார்கள்.

அவள் யுனிவர்சிட்டியில் மீன் நோய்களை ஆராய்கிறவள். மீனுக்குச் செம்புண் வரவைக்கும் கிருமியின் மேல்தோலிலிருந்து ஒரு புரதத்தை மட்டும் பிரித்துத் தடுப்பூசி செய்கிறாள். அந்தப் புரதத்தைப் பார்த்துப் பழகிய உடம்பு, நிஜக் கிருமி வந்தால் அடையாளம் கண்டு விரட்டுமாம். "கிருமியோட சட்டையக் கழட்டி மீனுக்குக் காட்டுறாளாம்!" என்று றோய் கேலி செய்வான். அப்பாவோ கோயிலில் பாதரைப் பிடித்து நிறுத்தி அந்தக் கதையைச் சொல்வார்.

லயத்துக்குப் பின்னால் அப்பாவும் றோயும் திலாப்பியா வளர்த்த இரண்டு சீமெந்துத் தொட்டிகளை அவள் பரிசோதனைக்குக் கேட்டாள். ஒன்றுக்கு நீலப் பெயின்ட், மற்றதற்கு மஞ்சள். ஒரு தொட்டி மீன்களுக்கு மருந்து ஊசி, மற்றவற்றுக்கு வெறும் உப்புத் தண்ணீர் ஊசி. எது எதற்கென்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். செத்த மீனைத் தினமும் எண்ணிக் கொப்பியில் எழுதுவது அப்பாவின் பொறுப்பு.

மூன்று மணிக்கு எடுப்பதாக இருந்தது. இரண்டரைக்கு அவள் கொப்பியோடு, றோய் நின்ற தொட்டிப் பக்கம் வந்தாள். முகம் செத்திருந்தது.

"அண்ணே, நீலத்துல ஒன்னுகூடவா சாகல?"

"கொப்பியில அப்படித்தானே இருக்கு."

"மஞ்சள்ல ஆறு செத்திருக்கு. மஞ்சளுக்குத்தாண்ணே மருந்து போட்டேன். நீலம் வெறும் உப்புத் தண்ணி." தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். "மருந்து வேல செய்யல. நாலு வருச உழைப்பு, எல்லாம் போச்சு."

றோய்க்குத் திக்கென்றது. மழை தொடங்கிச் செம்புண் பரவிய நாளிலிருந்து விடியற்காலையில் நீலத் தொட்டியில் மிதந்ததையெல்லாம் அப்பா அள்ளி இவன் கையில்தான் கொடுத்தார். "கொய்யா மரத்தடியில பொதச்சிருடா. அவ மொத ஊசி போட்டது நீலத்துக்கு. அதுதான் மருந்தா இருக்கும். பிள்ளைக்குக் கெட்ட பேரு வந்துறக் கூடாது."

பொய்யே பேசாத மனுசன். றோய் ஓ.எல். பரீட்சையில் தவறியதை ஒளிக்காமல் தோட்டம் முழுக்கச் சொன்னவர். இவனுக்காக ஒரு பொய், ஒரே ஒரு பொய் சொல்லியிருப்பாரா?

இப்போது வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். அவள் தோற்றுவிடுவாள். அப்பாவும் இல்லை, யாருக்குத் தெரியப்போகிறது? உள்ளே பாட்டு தொடங்கியது. நிலக்ஷனா மூக்கைத் துடைத்தாள்.

"நல்லவேள, மருந்து ஜெயிச்சிருச்சுன்னு நெனச்சுக்கிட்டே அப்பா போய்ட்டாரு."

றோய் அவள் கையிலிருந்த கொப்பியை வாங்கி மூடினான்.

"எந்திரி. வா."

தீவனக் கொட்டிலின் கதவை இழுத்தான். அதன் பின்பக்கம் முழுக்கக் கரிக்கோடுகள், தேதி வாரியாக.

"முப்பத்தெட்டு. எல்லாம் நீலத்துல செத்தது. மஞ்சள்ல ஆறுதான். நம்பலன்னா கொய்யா மரத்தடியில தோண்டிப் பாரு, முள்ளு கெடக்கும்."

"இத யாரு போட்டது?"

"நான்தான். ஒன்னய ஒரு நாள் மாட்டிவிடத்தான். ஒன் மருந்து வேலைக்காகாதுன்னு எல்லாருக்கும் காட்ட."

அவள் கோடுகளை விரலால் தொட்டு எண்ணினாள். பாதியில் நின்றாள்.

"அப்பா ஏன் எழுதல?"

அவனுக்கு இதைச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கொடுமை.

"ஒனக்காகத்தான்."

"றோய்! பெட்டிய மூடப் போறாங்க!" என்று உள்ளேயிருந்து யாரோ கத்தினார்கள்.

அவன் ஓடிப்போய்ப் பலகையைத் தூக்கியவர்களை நிறுத்தினான். பையிலிருந்து சொக்ஸை எடுத்தான். பின்னால் வந்த நிலக்ஷனா அப்பாவின் காலைப் பிடிக்கக் கை நீட்டினாள்.

"நீ விடு. நான் போடுறேன்."

கட்டைவிரல் நகத்தில் பாசி இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதைச் சுரண்டாமல், அப்படியே சொக்ஸை மாட்டி, கணுக்கால் வரை இழுத்துவிட்டான்.