காற்று போகிற இடம்

கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்துக் கொழுந்தன் சவரம் செய்துகொண்டிருந்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். காதுக்குக் கீழே, தாடை முடிகிற இடத்தில், நுரையை வழித்துக்கொண்டு வந்த கத்தி ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. அதற்குக் கீழே இன்னொரு மேடு. அதற்கும் கீழே சின்னதாக ஒன்று. தண்ணீர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, கேட்காமல் கொள்ளாமல் விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல அண்ணி. மாப்பிள்ளையாகப் போறேன்ல, கழுத்து இப்பவே தடிக்குது."

"எப்பருந்து இருக்கு?"

"யாரு கண்டா. நான் கண்ணாடி பாக்கிறதே பொண்ணு அமைஞ்ச பிறகுதான்."

சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சாதாரணக் கட்டி என்றால் விரலுக்கடியில் வழுக்கிக்கொண்டு ஓடும். இவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வேர் பிடித்தது போல அசையாமல் இருந்தன. இந்த மாதிரிக் கட்டி எப்படி இருக்கும் என்று அவள் விரலுக்குத் தெரியும். ஆட்டுக்குள் தொட்டுத் தொட்டுப் பழகிய விரல்.

மூன்று பேருக்கும் ஒரே அறுப்புக்கூடத்தில்தான் வேலை. அவள் புருஷன் கொக்கியில் தொங்குகிற ஆட்டைக் கிழித்து, இதயத்தையும் நுரையீரலையும் ஒரே கொத்தாக இழுத்து எடுப்பான். அந்தக் கொத்து அவளுடைய சிமெண்டுத் தொட்டிக்கு வரும். இதயத்தைக் கீறி, உறைந்த ரத்தத்தைப் பிதுக்கிக் கழுவுவாள். சில நாள் கையில் எடுக்கும்போது அது இன்னும் துடித்துக்கொண்டிருக்கும். செத்த சேதி அதற்கு மட்டும் போய்ச் சேராதது போல. நுரையீரலைக் கழுவி அடுத்துக் கொழுந்தனிடம் நீட்டுவாள். அவன் மூச்சுக்குழாயில் வாயை வைத்து ஊதுவான். ஊதிக் காட்டினால்தான் வாங்க வந்தவன் நம்புவான். ஓட்டையில்லாத நுரையீரல் தலையணை போலப் பொம்மிக்கொண்டு, இளஞ்சிவப்பாக எழும்பும். ஒரே மூச்சில் நிரப்புவான் என்று அவனுக்குத் 'துருத்தி' என்றே பேர் விழுந்திருந்தது.

ஊதுவதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. அதைப் பற்றி வெளியில் யாரும் பேசுவதில்லை. நுரையீரலின் அடியில் அவரைக்கொட்டை போல நெறிகள் இருக்கும். நோய்பட்ட ஆட்டில் அவை வீங்கிக் கிடக்கும். வெட்டினால் உள்ளே திரிந்த பால் மாதிரி. ஆட்டு டாக்டர் கண்ணில் பட்டால் உடம்பு முழுக்க நீலச் சாயத்தை ஊற்றிக் குழிக்கு அனுப்பிவிடுவார். முதலாளி அந்த நஷ்டத்தை அன்றைக்கு வெட்டினவன் தலையில் கட்டுவார். அதனால் டாக்டர் வரிசைக்கு வருவதற்குள் வீங்கின நெறியைக் கத்தி நுனியால் சுண்டிச் சாக்கடையில் தள்ளிவிடுவார்கள். அவள் புருஷன் அதில் கெட்டிக்காரன். நல்ல கறிக்கு முத்திரை குத்துகிறவர் என்பதால் டாக்டருக்கு அங்கே 'முத்திரை' என்று பேர். அவர் ஒருநாள் வேறொருத்தனைக் கையும் களவுமாகப் பிடித்தபோது, "நோய் வந்தா மொதல்ல அடி வாங்கி வீங்குறது இதுதான்டா. காவக்காரன வெட்டிப் போட்டுட்டா, வீட்டுக்குள்ள திருடன் இல்லன்னு ஆயிடுமா?" என்று கேட்டார். அவர் போன பிறகு எல்லோரும் அவரைப் போலப் பேசிக் காட்டிச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அன்றைக்குப் புருஷன் கை கழுவுகிற இடத்தில் அவள் சொன்னாள்.

"ஏங்க, தம்பி கழுத்தப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அவ்வளவு சுருக்கமாக வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "பாத்துட்டா சும்மா இருக்கீங்க?"

"பல்லு சொத்தையா இருக்கும். நெறி கட்டியிருக்கு."

"ஆட்ட அறுக்கிற கைக்கு அது தெரியாதாக்கும்."

அவன் நகத்தடியில் இருந்த ரத்தத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். "மூணு இடத்துல ரத்த வாடை அடிக்குதுன்னு பொண்ணு குடுக்கல. இது நாலாவது. டி.பி. ஆஸ்பத்திரி வாசல்ல அவன எவனாவது பாத்தான்னா அதுவும் போச்சு. இங்கயும் உள்ள விட மாட்டான். கல்யாணம் முடியட்டும். மாத்திரதானே, முழுங்கிக்கலாம்."

"இருமிக்கிட்டிருக்கான். அந்தப் பொண்ணு அவன்கூட ஒரே ரூம்ல மூச்சு விடப்போகுதே, அதுக்கு என்ன சொல்லுவீங்க?"

"வாய மூடு. நல்ல காரியத்துக்கு முன்னாடி அபசகுனமா."

மறுநாள் ஒரு புதுத் துண்டு வாங்கி வந்து தம்பியின் கழுத்தில் அவனே சுற்றிவிட்டான். மாப்பிள்ளைக்கு எடுப்பாக இருக்கிறது என்று கூடத்தில் கேலி பேசினார்கள். சுற்றிய கையையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நெறியைச் சுண்டித் தள்ளுகிற அதே கை, அதே பதம்.

அதற்குப் பிறகு அவளுக்கு வீட்டில் கண்ணை மூடிக்கொள்ள முடியவில்லை. கொழுந்தனின் தலையணை உறை காலையில் பிழிகிற அளவுக்கு நனைந்திருந்தது. சட்டை தோளிலிருந்து தொங்கியது. தட்டில் வைத்தது அப்படியே மிஞ்சியது. கேட்டால், "கல்யாணக் களை அண்ணி" என்பான். ஒருமுறை அவள் நேராகவே சொன்னாள், ஆஸ்பத்திரிக்குப் போவோம், நான் கூட வர்றேன் என்று. அவன் வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அண்ணன் வேணாம்னுச்சு அண்ணி. அது சொன்னா அதுல ஒரு கணக்கு இருக்கும்." ஊதுகிற வாயால் வந்ததோ, ஒண்டுக்குடித்தனத்துப் புழுக்கத்தில் வந்ததோ, எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது. வந்திருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம், கூடத்தில் நல்ல கூட்டம். புருஷன் ஒரு கிடாயைக் கிழித்துக் கொத்தை வெளியே இழுத்தான். ஒரு நொடி கை நின்றது. முத்திரை அடுத்த வரிசையில் முதுகைக் காட்டி நின்றார். கத்தி நுனி உள்ளே போய் வெளியே வந்தது. வெள்ளையாக ஏதோ ஒன்று சாக்கடையில் விழுந்து தண்ணீரோடு போனது. அவசரம், கத்தி கொஞ்சம் ஆழமாகவே போயிருந்தது.

அவள் நுரையீரலைக் கழுவி நீட்டினாள். கொழுந்தன் வாய் வைத்து ஊதினான். ஈரல் லேசாக அசைந்து, அப்படியே தொய்ந்தது. மறுபடியும் ஊதினான். பாதி எழும்பிச் சுருங்கியது.

"என்ன துருத்தி, பொண்டாட்டி வர்றதுக்குள்ளயே காத்து எறங்கிடுச்சா?" யாரோ கத்தினார்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

அவனும் சிரிக்கப் பார்த்தான். உதடு வெளிறிப்போயிருந்தது. "அண்ணே, மூச்சு பத்த மாட்டேங்குதுண்ணே," என்றான். கூட்டத்துக்குச் சொன்னதல்ல அது. சின்னப் பிள்ளை சொல்வது போல அண்ணனிடம் மட்டும் சொன்னது.

அவளுக்குச் சத்தம் கேட்டது. ஈரலின் அடியில், கத்தி போன இடத்தில், சீறிக்கொண்டு காற்று போனது. அவன் மூச்சு போதவில்லைதான். ஆனால் இந்த ஈரல் எழும்பாததற்கு அது காரணமில்லை. புருஷனுக்கும் அந்தச் சத்தம் கேட்டிருந்தது. அவன் வாயைத் திறந்தான். தன் கத்தி பட்ட ஓட்டை என்று சொன்னால் தன் வேலை போகும். முத்திரை திரும்பி இந்தப் பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தார். அவன் வாயை மூடிக்கொண்டான்.

அவள் கை தானாகப் போனது. பெருவிரலை அந்த வெட்டின் மேல் வைத்து அழுத்தினாள்.

"ஊது தம்பி."

ஊதினான். ஈரல் எழும்பியது. மடிப்பு மடிப்பாகப் பிரிந்து, ஓரங்கள் விரிந்து, அவள் முழங்கை வரைக்கும் பொம்மியது. கழுத்து நரம்பெல்லாம் புடைக்க அவன் ஊதிக்கொண்டே இருந்தான். துண்டு நழுவித் தோளில் விழுந்தது. காதுக்குக் கீழே மூன்று மேடுகளும் வெளிச்சத்தில் நின்றன.

"அங்க எதுக்கும்மா விரல் வெச்சிருக்கே?" முத்திரை தொட்டிக்கு எதிரில் வந்து நின்றார். "எடு, பாப்போம்."

புருஷன் அவளைப் பார்த்தான். கத்தி அவன் கையில் ஆடாமல் இருந்தது. வேண்டாம் என்று கண்ணால் சொன்னான். கொழுந்தனின் கன்னங்கள் இன்னும் உப்பியிருந்தன. விட்டால் சுருங்கிவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, தான் நிரப்பிவிட்டதை நம்பிக்கொண்டு, நின்றான்.

அவள் விரலை எடுத்தாள்.