கழித்தவர் எழுதட்டும்

"இங்க ஒரு கையெழுத்து போடுங்கக்கா" என்று சுடர்விழி அஞ்சலாட்சியிடம் தாளை நீட்டினாள். மூலக்குளம் கிளினிக்கில் சீட்டு எழுதுகிறவள் அவள். அஞ்சலாட்சி மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவள், எதைப் படிக்கப் போகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

அஞ்சலாட்சி நிதானமாகப் படித்தாள். 'என் சொந்த விருப்பத்தின்பேரில் இந்தக் கிளினிக்கின் பட்டியலிலிருந்து விலகிக்கொள்கிறேன்' என்று இருந்தது.

விருப்பமாவது மண்ணாவது! சங்கதி அவளுக்குத் தெரியும். அரசின் புதுத் திட்டத்தில், பட்டியலில் உள்ள நோயாளி தலைக்கு இவ்வளவு என்று கிளினிக்குக்கு வருடத்துக்கு ஒரே தொகை. சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர்கள் கூடினால் மேற்கொண்டு ஊக்கத்தொகை. இவளுக்கோ, காதில் குரல் கேட்காமலிருக்கத் தின்னும் மாத்திரையே உடம்பை ஊத வைத்துச் சர்க்கரையையும் ஏற்றிவிடுகிறது. மற்றவர்களுக்கு ஐந்து நிமிடம் போதும், இவளுக்கு அரை மணி நேரம் வேண்டும். அதற்கென்று யாரும் தனியாகத் தருவதில்லை. பெரியாஸ்பத்திரிக்குப் போனால், சர்க்கரையை உங்கள் பக்கத்துக் கிளினிக்கிலேயே பாருங்கள் என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஒரு மனுஷியை இப்படியா பந்தாடுவது?

அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சேதராப்பட்டு கம்பெனியில், செய்து வரும் பீஸ்களில் பழுது பார்க்கும் செக்கிங்கில் எட்டு வருடம் இருந்தவள். அங்கே ஒரு பீஸைக் கழித்தால், கழித்தவர்தான் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கழிபட்ட பீஸிடம் யாரும் கையெழுத்து கேட்டதில்லை.

தாளோடு நேரே டாக்டர் கமலக்கண்ணன் அறைக்குள் போனாள்.

"என்னக் கழிக்கிறீங்கன்னா காரணத்த நீங்க எழுதுங்க சார். இவளுக்குப் பைத்தியம், இவளப் பாத்தா கட்டுப்படியாவலன்னு எழுதி, கீழ உங்க கையெழுத்து போடுங்க. நான் வாங்கிக்கிட்டுப் போயிடுறேன்."

அப்படியெல்லாம் இல்லை, உங்கள் நல்லதுக்குத்தான் என்று டாக்டர் இழுத்தார். அவள் பேனாவை நீட்டியபடியே நின்றாள். வெளியே காத்திருந்தவர்கள் கதவருகே வந்து எட்டிப் பார்த்தார்கள். அந்த ஒரு வரியை எழுத டாக்டருக்குத் துணிவில்லை. மெல்லத் தாளை வாங்கி இழுப்பறையில் போடப் பார்த்தார்.

அஞ்சலாட்சி விடவில்லை. தாளைப் பிடுங்கி, கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தில் 'விலகவில்லை' என்று கோணல்மாணலாக எழுதினாள். அதன் கீழே தன் பெயரைப் போட்டு அவர் முன்னால் வைத்தாள்.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சர்க்கரை பார்க்க விரலை நீட்டினாள்.

"பாருங்க சார். அரை மணி நேரம் ஆவும்."