நூறு வருடப் பூட்டு

எனக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்கும். பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வுக் களஞ்சியம் என் பொறுப்பு. ஆசிரியர்கள் எழுதும் கட்டுரைகளை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கும்படி இணையத்தில் ஏற்றுகிற வேலை. கெடு தவறி வருகிறவர்களை வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவேன்.

அன்று காலை மண்புழு என் மேசைமுன் வந்து நின்றார். மண்புழுக்களையே ஆராய்வதால் அவருக்கு அந்தப் பெயர், தற்காலிக விரிவுரையாளர். களஞ்சியத்தில் எல்லாரும் திறந்து படிக்க முடிகிற கட்டுரைகளை மட்டும்தான் மதிப்பீட்டுக் குழு கணக்கில் எடுக்கும். அவர் பெயருக்கு நேரே ஒன்றுகூட இல்லையாம். கட்டுரை ஏற்றுவதற்கான கெடு போன மாதமே முடிந்துவிட்டது. இன்று மதியம் குழு கூடுவதற்குள் ஒன்றாவது தேறாவிட்டால் நிரந்தர வேலை கிடையாது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கெடு முடியும்வரை தூங்கிவிட்டு இப்போது ஓடிவந்தால் நான் என்ன மந்திரமா போடுவேன் என்று பொரிந்து தள்ளினேன். மார்ச்சிலேயே அனுப்பிய ஞாபகம் என்று மட்டும் முனகினார் மனிதர்.

தேடினேன். கட்டுரை இருந்தது, பூட்டியபடி. பதிப்பகம் கேட்டுக்கொண்டால் ஒரு மாதம், இரண்டு மாதம் பூட்டிவைத்துப் பிறகு திறப்போம். இதற்கோ திறக்கும் தேதி இன்னும் நூறு வருடம் கழித்து. அந்தத் தேதியைப் போட்ட புண்ணியவான் யாரென்று பார்த்தேன். சாட்சாத் நானேதான்.

சத்தமில்லாமல் திறந்துவிடலாம், ஆனால் திறந்த நாளாக இன்றைய தேதி விழும், கெடு தாண்டியதாகிவிடும். தவறு என்னுடையது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் கட்டுரை கணக்கில் சேரும்.

"நாந்தான் சரியா பாக்கலன்னு சொல்லிடறேன்க்கா. உங்களுக்கு எதுக்கு வம்பு?" என்றார் மண்புழு.

"சும்மா இருங்க தம்பி. ஊரையே திட்டுற வாய் இது. இன்னைக்கு ஒரு நாள் என்னைத் திட்டட்டும்."

ஒரு பக்கத்துக்கு எழுதினேன். என்னை நானே நன்றாகவே திட்டியிருந்தேன். அந்த வேலையில் எனக்கு அனுபவம் இருக்கிறதே. மண்புழுவுக்கு வேலை நிரந்தரமானது. சொந்தத் தம்பிக்குக் கிடைத்த மாதிரி சந்தோஷப்பட்டேன்.

ஒன்றைத்தான் யோசிக்கவில்லை. மதிப்பீட்டுக்குப் போகிற கடிதங்களையும் களஞ்சியத்தில் ஏற்றவேண்டும் என்பது விதி. நானே ஏற்றினேன், கட்டுரைக்கான இணைப்போடு. மாதக்கடைசியில் அதிகம் படிக்கப்பட்டவற்றின் பட்டியல் வந்தது. என்னிடம் திட்டு வாங்கிய ஆசிரியர்கள் ஒருவர் விடாமல் படித்திருக்கிறார்கள். மண்புழுக் கட்டுரைக்கு இரண்டாம் இடம். முதலிடம் என் கடிதத்துக்கு.