இருபத்திரண்டு கைமரங்கள்

எஸென்குல் முப்பத்தொரு வருடமாகக் கணக்கு வாத்தியார். செங்கோண முக்கோணத்தில் இரண்டு பக்கம் தெரிந்தால் மூன்றாவதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னதுதான் வம்பாகப் போயிற்று.

புது வீட்டுக்கு மண்கல் சுவர் எழுப்பியாகிவிட்டது. அகலம் எட்டு மீட்டர், அதில் பாதி நான்கு. நடுவே, சுவர் மட்டத்துக்கு மேல் நிற்கும் முகட்டுக் கம்பம் மூன்று மீட்டர். ஒன்பதும் பதினாறும் இருபத்தைந்து. ஆக, முகட்டிலிருந்து சரிந்து இறங்கும் கைமரம் ஐந்து மீட்டர். தச்சன் கெர்மாலி, "ஆறு மீட்டர் மரமாவே கொண்டாங்க வாத்தியாரே, இங்க வச்சு அறுத்துக்கலாம்" என்றான். எஸென்குல் ஒரு சிரிப்புச் சிரித்தார். வகுப்பில் தினமும் சிரித்துப் பழகிய, பரிதாபப்படுகிற சிரிப்பு. நாரின் நகரத்து மரமில்லிலேயே இருபத்திரண்டு மரத்தையும் மயிரிழை பிசகாமல் ஐந்து மீட்டருக்கு அறுக்கச் சொன்னார். மிஞ்சிய துண்டுகளை, "அடுப்புக்கு வச்சுக்கோப்பா" என்று மில்காரருக்கே தாராளமாகக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அஷார். ஊரே திரண்டு வந்து கூலியில்லாமல் ஒரு நாள் உழைக்கும். ஆடு அடித்துச் சோறு போடுவது வீட்டுக்காரர் பாடு. ஒரே ஒரு நாள்தான். திங்கட்கிழமை எல்லாரும் உருளைக்கிழங்கு தோண்டப் போய்விடுவார்கள், அது முடிவதற்குள் பனி விழுந்துவிடும். எஸென்குலின் மனைவி புருல் பதினொரு வருடமாகக் கணவனின் அண்ணி வீட்டுச் சமையலறையில், அண்ணி சொன்ன அளவுக்கு உப்புப் போட்டுச் சமைத்துக்கொண்டிருப்பவள். "இந்தக் குளிர்காலமும் அங்கதான்னா, நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க கணக்குப் புஸ்தகத்தோட குடும்பம் நடத்துங்க" என்று சொல்லியிருந்தாள். அவள் சும்மா சொல்கிற ஆள் இல்லை.

முதல் கைமரத்தை ஏற்றினார்கள். மேல்முனை முகட்டில் உட்கார்ந்தது. கீழ்முனை சுவரின் வெளி விளிம்பில் கச்சிதமாக வந்து நின்றது. எஸென்குலுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா!" என்றார்.

கெர்மாலி சுவர் மேல் நின்றபடி விளிம்பைப் பார்த்தான். "மீதி எங்க, வாத்தியாரே?"

"என்ன மீதி?"

"சுவரைத் தாண்டி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கணுமே, அந்த மீதி. வசந்தத்துல பனி உருகி மண்சுவர் மேலேயே வழிஞ்சா, வீடு கஞ்சியா ஓடிடும்."

கரும்பலகையில் எஸென்குல் வரைந்த முக்கோணம் எதற்கும் மூலையைத் தாண்டி வால் நீண்டதே இல்லை.

"துண்டு ஒட்டிக்கலாம். அறுத்த மிச்சம் எங்க?" என்று ஒருவர் கேட்டார்.

இந்நேரம் அது மில்காரர் வீட்டில் தேநீருக்கு எரிந்துகொண்டிருக்கும்.

எண்பது பேர் சுற்றி நின்றார்கள். தேநீர் கொதிக்கும் சமோவார் பக்கத்தில் புருல் நின்றாள். 'மில்லுக்காரன் தப்பா அறுத்துட்டான்' என்று எஸென்குலுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நல்ல பொய். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டார்.

"தப்பு என்னோடதுதான். நான்தான் அறுக்கச் சொன்னேன்" என்றார்.

சொன்ன கையோடு ஒரு பலகையை மடியில் வைத்துக்கொண்டு கரித்துண்டால் கணக்குப் போட உட்கார்ந்தார். மரம் இனி வளராது, கம்பத்தைக் குறைக்கலாமே! நாலோடு வெளியே நீட்ட வேண்டிய அரை மீட்டரைக் கூட்டி, நாலரையின் வர்க்கத்தை இருபத்தைந்திலிருந்து கழித்து, வர்க்கமூலம் கண்டுபிடித்துத் துள்ளி எழுந்தார். "முகட்டைத் தாழ்த்துங்க! ரெண்டு மீட்டர் பதினெட்டு!"

"ஒண்ணு தொண்ணூத்தி நாலு" என்றான் மேலிருந்து கெர்மாலி. அவர் கரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், கைமரத்தின் கீழ்முனையை அரை மீட்டர் வெளியே தள்ளிப் பிடித்து, மேல்முனை கம்பத்தைத் தொட்ட இடத்தில் கோடு கிழித்து, டேப் வைத்தும் அளந்துவிட்டான். "நீங்க சொல்ற அளவுல வச்சா மரம் சுவர்ல உட்காராது, அந்தரத்துல நிக்கும். நீட்டின முனை சுவரை விடக் கீழ இறங்குதுல்ல?"

எஸென்குல் பலகையைப் பார்த்தார். அதையும்தான் மறந்திருந்தார். ஒரே நாளில் இரண்டு தடவை, அதுவும் ஊர் முன்னால்! இவரைத் தவிர யாரால் முடியும்?

"அது சரி, முதல்ல எதுக்கு மூணு மீட்டர் உசரம்?" என்று கெர்மாலி கேட்டான். "இந்த வீட்டுக்கு ரெண்டே தாராளம். மசூதி கட்டுறீங்களோன்னு நினைச்சேன்."

பனி சறுக்கி விழுவதற்கு என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். இன்றைக்கு மானம் ஏற்கெனவே போய்விட்டது, மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது?

"மூணு, நாலுன்னு வச்சாத்தான் அஞ்சு சுத்தமா வரும். புள்ளி கிள்ளி இல்லாம" என்றார்.

சுவர் மேல் இருந்தவர்கள் விழுந்துவிடாமல் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எஸென்குலும் சிரித்தார். சிரித்ததும் மனசு லேசாகிவிட்டது.

புருல் மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"மூணு சரி. அந்த நாலு எங்கேருந்து வந்துச்சு?"

"அகலத்துல பாதி."

"நான் அகலம் ஒம்பது கேட்டேன். சமையலறை பெருசா வேணும்னேன். நிலம் பத்தாதுன்னீங்க."

எஸென்குலின் சிரிப்பு நின்றது. ஒன்பதில் பாதி நாலரை. நாலரை வைத்தால் வர்க்கமூலத்தில் புள்ளிக்குப் பின்னால் எண்கள் முடிவேயில்லாமல் ஓடும். வேலியோரம் மூன்று மீட்டர் நிலம் இன்றும் சும்மா கிடந்தது.

"நிலம் இருந்துச்சு" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொல்ல முடிந்தது.

புருல் கூரையில்லாத சமையலறைக்குள் போனாள். சுவரிலிருந்து சுவருக்கு அடி வைத்து நடந்தாள். ஏழாவது அடிக்கு இடமில்லை. அங்கேயே சற்று நின்றாள். காலையிலிருந்து எஸென்குல் பட்ட அவமானமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பிறகு அவள் தலையை உயர்த்திக் கூரைப் பக்கம் கத்தினாள். "கெர்மாலி! கம்பத்தை அறு. சாயங்காலத்துக்குள்ள நான் இங்க அடுப்பு மூட்டணும். இந்த மனுஷன் கையில மட்டும் டேப்பைக் குடுத்துடாதீங்க!"

பொழுது சாயும்வரை எஸென்குல் ஆணி டப்பாவைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் நின்றார். கேட்டவர்களுக்குக் கை நிறைய அள்ளிக் கொடுத்தார், எண்ணவில்லை.