ஒரு கான்ஃப்ளிக்டும் இல்லை

ரயில் அண்ணனூரைத் தாண்டும்போது அனுசுயாவின் செல்போனில், கூட வேலை செய்யும் பிரசன்னாவின் மெசேஜ் வந்தது. “உன் பிராஞ்சை மெயின்ல சேர்த்துட்டேன். ஒரு கான்ஃப்ளிக்டும் இல்ல. ஃபேக்டரில ஏத்தியாச்சு. முதல் லோடு ஓடுது.”

அப்பாடா என்றிருந்தது. மூன்று வாரமாக அந்த பிராஞ்சில், தன்னுடைய தனிப் பிரதியில், சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தாள். மெயின் என்பது டீமில் எல்லோருடைய வேலையும் ஒன்றுசேரும் இடம். காலையில் வந்ததும் அதில் புதிதாகச் சேர்ந்ததை இழுத்துக்கொள்ள வேண்டும், முடிந்த துண்டை அன்றன்றே சேர்த்துவிட வேண்டும் என்று டீம் லீட் சித்ரா ஓயாமல் சொல்வாள். அனுசுயா கேட்கவில்லை. இழுத்தால் ஏதாவது உடையும், சரிசெய்யவே அரை நாள் போகும் என்ற பயம்.

பட்டரவாக்கத்தில் ஒரு கம்பெனி, இரும்புச் சாமான்களில் அடித்த பெயின்ட்டைப் பெரிய ஓவனில் வைத்துச் சுடுகிறது. அந்த ஓவனின் கதவுப் பூட்டுக்குத்தான் அவள் கம்ப்யூட்டர் கோடு எழுதியிருந்தாள். சூடு நின்று முப்பது நிமிடம் ஆறிய பிறகே பச்சை லைட் எரியும், பூட்டு விடும்.

உட்கார இடம் கிடைத்ததும், இத்தனை நாளில் மெயினில் வேறு என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று சும்மா பார்த்தாள். பிரசன்னா எழுதியிருந்த ஒரு வரியில் கண் நின்றது. ‘காத்திருக்கும் நேரம் இனி நிமிடத்தில் அல்ல, செகண்டில்.’

பழைய கோடு முழுவதையும் அவன் அதற்கேற்ப மாற்றியிருந்தான். அவளுடையது அப்போது அங்கே இல்லையே, எப்படி மாற்றுவான்? அவள் ஃபைலில் வெறும் முப்பது என்றுதான் இருந்தது. இருவரும் தொட்டது வேறு வேறு ஃபைல், அதனால் ஒன்றோடொன்று மோதுவதாக, கான்ஃப்ளிக்ட் என்று, கம்ப்யூட்டர் எதுவும் காட்டவில்லை.

முப்பது செகண்டில் பச்சை எரிந்து பூட்டு விட்டுவிடும்.

பிரசன்னாவின் போன் ஸ்விட்ச் ஆஃப். மெசேஜ் அனுப்பிவிட்டு மறுபடி உள்ளே போயிருப்பான்; அந்த ஃபேக்டரியில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சித்ராவைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

“நான் அவங்க ஆபீஸ் நம்பருக்குப் போடுறேன். நீ இறங்கி ஓடு,” என்றாள் சித்ரா.

ஆபீஸ் நம்பரை யாரும் எடுக்கவில்லை என்று சித்ராவிடமிருந்து மெசேஜ் வந்தது. பட்டரவாக்கத்தில் இறங்கி ஓடினாள். கேட்டில் செக்யூரிட்டி ஏகாம்பரம் குறுக்கே நின்றார். “பாஸ் இல்லாம உட மாட்டேன்மா.”

“விட வேணாம்ணா. பெயின்ட் செக்‌ஷனுக்கு இன்டர்காம் போட்டுக் குடுங்க. ஆளு வெந்துடும்ணா!”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். போட்டுக் கொடுத்தார்.

“சூப்பர்வைசர் வேம்புலி பேசுறேன். யாரு?”

“ஓவன் சாஃப்ட்வேர் எழுதினவ பேசுறேன் அண்ணே. சூடு நின்னுடுச்சா?”

“இப்பத்தான் நின்னுச்சு. பச்சையும் எரிஞ்சிடுச்சு. இன்னா ஃபாஸ்ட்டுமா! தொறக்கத்தான் போய்க்கினு இருந்தோம்.”

“தொறக்காதீங்க! உள்ள இன்னும் ஆறல!”

“பச்சை எரியுதேமா.”

“அது தப்புண்ணே. நான்தான் தப்பு பண்ணிட்டேன்.”

ரிசீவர் எங்கோ மோதும் சத்தம். “டேய் சம்பந்தம்! கையை எடுடா!” என்று தூரத்தில் ஒரு குரல். பிறகு ஃபேன் இரைச்சல் மட்டும். அனுசுயா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.

“கையை எடுத்துட்டான்மா,” என்றார் வேம்புலி கடைசியில். “கைப்பிடி மேல கை வெச்சிருந்தான். தொறக்கல.”

அவள் ரிசீவரை ஏகாம்பரத்திடம் கொடுத்தாள்.

பிரசன்னா வெளியே ஓடிவந்தான். “டெஸ்ட் எல்லாம் ஓட்டித்தான் பார்த்தேன், அனு. எல்லாம் பாஸ் ஆச்சு.”

“பூட்டுக்கு நான் டெஸ்ட்டே எழுதல.”

“செகண்டுக்கு மாத்தினதை நானும் உங்கிட்ட சொல்லல,” என்றான் அவன்.

பழைய வெர்ஷனையே திரும்ப ஏற்றினார்கள். சித்ரா திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. இனி எந்த பிராஞ்சும் இரண்டு நாளுக்கு மேல் தனியாக நிற்கக் கூடாது, பொதுவான கோடில் கை வைப்பவர் முதலில் எல்லோரிடமும் சொல்ல வேண்டும், எழுதியவர் பக்கத்தில் இல்லாமல் அவர் பிராஞ்சைச் சேர்க்கக் கூடாது என்றாள்.

திருத்திய அடுத்த வெர்ஷனை அனுசுயா நேரில் வந்தால்தான் ஏற்ற விடுவேன் என்று வேம்புலி சொல்லிவிட்டார். போனாள். சூடு நின்றதிலிருந்து ஓவன் எதிரிலேயே நின்றாள். யாரோ கொண்டுவந்த டீ கையிலேயே ஆறிப்போனது. அரை மணி கழித்துப் பச்சை எரிந்தது.

“இன்னாமா, தொறக்கலாமா?” என்றார் வேம்புலி.

அவள் மறுபடி வாட்ச்சைப் பார்த்தாள்.

“இன்னும் கொஞ்ச நேரம் ஆகட்டும்ணே.”