பரிஜெமின் வீட்டை எங்கே இறக்குவது?

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. போன வருஷம், எங்கள் ஜாவாக் கணக்கில் பெசார் மாதத்தில் ஒரு முற்பகல், அதுவாகவே என் வாசலுக்கு வந்தது. ஊர் ஆண்கள் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஓடுகளை மட்டும் முன்னாலேயே இறக்கியிருந்தார்கள். மற்றபடி தேக்குத் தூண், உத்தரம், கூரைச் சட்டம், மூங்கில் தட்டிச் சுவர் என்று கட்டுக் குலையாத ஒரு முழு வீடு. அதற்கு முன்னால் இடுப்பில் தண்ணீர்க் குடமும் கையில் துடைப்பமுமாக வீட்டுக்குச் சொந்தக்காரி பரிஜெம் நடந்து வந்தாள்.

அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். இன்னும் முடிக்கவில்லை. சோம்பேறித்தனம் என்கிறாள் என் மனைவி சுலாமி. அதில் பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இதை மறுபடியும் தொடங்குகிறேன்.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"ஜாவாவின் தெற்குக் குன்றுகளுக்கு நடுவே, மரவள்ளியும் மானாவாரி நெல்லும் விளையும் ஒரு சிற்றூரில்..."

சுற்றுலா வருகிறவர்களுக்கு எழுதியது மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன். இரண்டாவது:

"பரிஜெம் அன்று காலை அழுதுகொண்டே எழுந்தாள். அவள்..."

இதையும் பாதியில் விட்டேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எழுதச் சுலபமாக இருந்திருக்கும்.

2

எங்கள் ஊரில் மண் வேறு, வீடு வேறு. மண் நகராது, வீடு நகரும். மர வீடு என்பது கட்டில் பெட்டி மாதிரிதான். யார் பங்கில் வருகிறதோ அவர்கள் எடுத்துக்கொண்டு போகலாம்.

பெற்றவர்கள் போனபின் சொத்தைப் பிரிக்கும்போது மகனுக்குத் தோள்கட்டைச் சுமை, அதாவது முன்னும் பின்னுமாக இரண்டு கூடை. மகளுக்கு முதுகில் கட்டித் தூக்கும் ஒரு கூடை. அந்தக் கணக்கில் பரிஜெமின் அண்ணன் விர்யோவுக்கு மனையும் கொல்லையும் வந்தன. பரிஜெமுக்கு வீடு வந்தது. அண்ணன் மண்ணில் தங்கை வீடு பல வருஷம் அப்படியே நின்றது. விர்யோ பக்கத்திலேயே தனியாக ஒன்று கட்டிக்கொண்டு குடும்பம் நடத்தினான். யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

(ஒரு கூடைதானா என்று சிலர் கேட்பீர்கள். பரிஜெமும் கேட்டிருக்கலாம். கேட்டாளா என்று எனக்குத் தெரியாது. நான் ஆண்பிள்ளை என்பதால் என்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். இந்த இடத்தில் நியாயம் பேசிப் பார்த்தேன், ஒரு பக்கம் வந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.)

பரிஜெமின் புருஷன் செமாராங் நகரத்தில் வேறு ஒருத்தியோடு குடித்தனம் போய்ப் பல காலம் ஆகிறது. அதைப் பற்றிப் பேச்சு வந்தால் அவள் ஒன்றே ஒன்றுதான் சொல்வாள்.

"வெளிய போனது அவன்தான், நான் இல்ல. வீடு என்னுது."

3

விர்யோவைப் பற்றி.

முதல் வரைவில் அவனைக் கெட்டவனாக்கியிருந்தேன். ஒரு தங்கப் பல்லும் வைத்தேன். சமிங்கானிடம் படித்துக் காட்டினேன். ஊரில் வீடு தூக்கும்போது குரல் கொடுத்து முன்னால் நிற்பவன் அவன், என்னோடு படித்தவன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"விர்யோவுக்கு எப்பய்யா தங்கப் பல்லு முளைச்சுது? அவனுக்கு இருக்குற பல்லே ஆடிட்டுக் கெடக்கு."

பல்லை எடுத்தேன். பல்லோடு கெட்ட குணமும் போய்விட்டது. விர்யோவின் மகன் சுமத்ராவில், ஜம்பி பக்கம், எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் இருக்கிறான். அங்கே மண் தருகிறார்கள், வாங்க என்று கூப்பிட்டான். இங்கே மூன்று வருஷமாக மழை ஏமாற்றியது. விர்யோ மனையையும் கொல்லையையும் நகரத்துக்காரர் ஒருவருக்கு விற்றான். இடத்தைக் காலியாகக் கொடுக்க வேண்டும் என்பது பேச்சு.

அதைத் தங்கையிடம் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். இனிப்புத் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

"நீயும் எங்ககூட வந்துரு தங்கச்சி. அங்க எடம் கெடக்கு."

"வீட்ட என்ன பண்ண? கப்பல்ல ஏத்தவா?"

"கழட்டிப் பலகையா வித்துரலாம். தேக்குக்கு நல்ல வெல."

பரிஜெம் வெற்றுத் தட்டை எடுத்துத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

"உன் மண்ண நீ வித்த. அது உன் பங்கு, நான் ஒண்ணும் சொல்லல. என் பங்கப் பலகையா எண்ணாத அண்ணே."

விர்யோ தலையைக் குனிந்துகொண்டான். நான் தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். இந்த இடத்தில் ஒரு சண்டை வைத்தால் கதை சூடு பிடிக்கும் என்று தெரியும். நடக்கவில்லை, என்ன செய்ய?

4

இனி வீடு எங்கேயாவது போக வேண்டும். எங்கே?

காலத்துக்கு ஏற்பத் திசை மாறிப் படுக்கும் நாகம் பெசார் மாதத்தில் வடக்கே இருக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. அதன் வாய்க்கு நேராக யாரும் குடி பெயர மாட்டார்கள். ஊர்ப் பொதுநிலம் வடக்கேதான் இருக்கிறது. மேற்கே ஆறு. தெற்கே வயல். விளைகிற மண்ணில் வீட்டை வைக்கிறவன் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. மிச்சம் கிழக்கு. கிழக்கே போகிற பாதையில் காலி மனை ஒன்றுதான், அது என் வீட்டுப் பக்கவாட்டில் இருக்கிறது.

"என் வீடு" என்று எழுதிவிட்டேன். சுலாமி தோளுக்கு மேலாகப் பார்த்துவிட்டு விரலை வைத்தாள்.

"யாரு வீடு?"

சரி. சுலாமியின் மனை. அவளுடைய ஒரு கூடையில் வந்தது. கல்யாணத்துக்குப் பின் ஒரு தகரப் பெட்டியோடு இங்கே வந்து சேர்ந்தவன் நான். பக்கவாட்டு மனையைச் சுலாமி எங்கள் மகள் வினார்த்திக்காக விட்டு வைத்திருக்கிறாள். வினார்த்தி ஹாங்காங்கில் யாரோ ஒரு கிழவரைக் குளிப்பாட்டி, சோறூட்டிப் பிழைக்கிறாள். திரும்பி வந்ததும் அங்கே செங்கல் வீடு கட்டுவாள். அந்த மனையில் சுலாமி ஒரு மிளகாய்ச் செடிகூட வைத்ததில்லை. மகள் வந்து பார்க்கும்போது இடம் காலியாக இருக்க வேண்டுமாம்.

இது ஊருக்கே தெரியும். பரிஜெமுக்கும் தெரியும்.

5

வீடு தூக்கக் கூப்பிட்டால் போக வேண்டும், அவ்வளவுதான். கூலி கிடையாது. வீடு இறங்குகிற இடத்தில் சோறு. இன்னொன்றும் உண்டு. தூக்குகிறவன் எங்கே இறக்குகிறோம் என்று கேட்க மாட்டான். கேட்டால் உதவிக்கு விலை பேசுகிற மாதிரி ஆகிவிடும். அதெல்லாம் வீட்டுக்காரர்கள் பேசி முடித்திருப்பார்கள் என்று ஒவ்வொருவனும் நினைத்துக்கொள்வான்.

பரிஜெம் வீடு வீடாகப் போய் நாள் சொன்னாள். எங்கள் ஐந்து நாள் வாரத்தில் போன் என்கிற சந்தை நாள், அவள் பிறந்த கிழமைக்கும் பொருந்துகிறது என்றாள். எல்லாரும் வருகிறோம் என்றார்கள். நானும் சொன்னேன். எங்கே இறக்குவது என்று ஒருத்தன் கேட்கவில்லை. உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது இப்படி ஒரு வீட்டைத் தூக்கிவிட்டு நிற்பார்களா என்று எனக்குத் தெரியாது.

* பரிஜெம் திட்டம் போட்டாளா, இல்லை வழியில் ஏதாவது அமையும் என்று நம்பினாளா? இந்தப் பாத்திரத்தில் எனக்குத் தீராத சந்தேகம் இதுதான். போன் சந்தைக்குச் சுலாமி தவறாமல் போவாள் என்பதும் அவளுக்குத் தெரியும். அவளைத் தந்திரக்காரி ஆக்க எனக்கு மனசில்லை. ஏமாளி ஆக்கவும் மனசில்லை.

அன்று காலை சுலாமி சந்தைக்குக் கிளம்பிப் போனபின் பரிஜெம் ஒரு பெரிய பானையைத் துணி கட்டித் தூக்கி வந்தாள். பலாப்பிஞ்சும் தெம்பே என்கிற சோயாக் கட்டியும் போட்ட தேங்காய்ப்பால் குழம்பு.

"உங்க அடுப்படியில வச்சிட்டுப் போறேன் அண்ணே. வெயில் படாம இருக்கும்."

"வையம்மா, அதுக்கென்ன," என்றேன்.

முதுகு வலி என்று சொல்லி நான் தூக்கப் போகவில்லை. உண்மையில் முதுகு வலித்தது. இதை ஏன் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

6

தூக்கினார்கள். பள்ளிவாசல் பெரியவர் துவா ஓதினார். அடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய மூங்கில்களுக்குள் ஆட்கள் புகுந்தார்கள். முன் வரிசையில் விர்யோ. அவன் விற்ற மண்ணிலிருந்து தங்கையின் வீட்டை அவனே தோளில் ஏற்றிக்கொண்டான். அதைப் பார்த்தவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பாதை முழுக்கச் சமிங்கானின் குரல் வந்தது. முதலில் குரல், அப்புறம் புழுதி, அப்புறம் வாழை மரங்களுக்கு மேலே கூரையின் முகடு. கிராம்புச் சிகரெட் புகையும் வியர்வையும் கலந்து வீசியது. என் வாசலுக்கு வந்ததும் பரிஜெம் நின்றாள். வீடும் நின்றது.

"எந்தப் பக்கம் திருப்ப?" என்றான் சமிங்கான் அவளிடம்.

அவள் காலி மனையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அப்போதுதான் அடுப்படியில் இருக்கிற பானை நினைவுக்கு வந்தது. வீடு இறங்குகிற இடத்தில்தான் சோறு.

சமிங்கானுக்கும் விளங்கிவிட்டது. என்னைப் பார்த்தான்.

"எழுத்துக்காரரே, சுலாமி அக்கா சரின்னுட்டாங்களா?"

"சந்தைக்குப் போயிருக்கா."

"அது தெரியுது. கேட்டதுக்குப் பதிலச் சொல்லுய்யா."

நான் பரிஜெமைப் பார்த்தேன்.

"ஒரு வார்த்த முன்னாடி கேட்டிருக்கலாமே பரிஜெம்."

"கேட்டா நீங்க இல்லன்னு சொல்லணும் அண்ணே. அப்புறம் காலம் பூரா உங்க மூஞ்சிய நானும் என் மூஞ்சிய நீங்களும் பாக்க முடியாது. அதான் கேக்கல. இப்பவும் கேக்கல."

7

இங்கேதான் பேனா நிற்கிறது. எழுதிப் பார்த்த முடிவுகளைக் கீழே தருகிறேன்.

முடிவு ஒன்று. "இறக்குங்கள்" என்கிறேன். வீடு இறங்குகிறது, எல்லாரும் குழம்பு ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். நன்றாக இருக்கிறது. ஆனால் அடுத்தவள் மண்ணைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நான் நல்லவன் ஆகிறேன். வினார்த்தி ஹாங்காங்கில் ஒரு கிழவருக்குத் தலை துவட்டிக்கொண்டிருக்கிறாள்.

முடிவு இரண்டு. "முடியாது" என்கிறேன். வீட்டைப் பாதையில் வைக்கிறார்கள். மழை வருகிறது. பரிஜெம்...

(இதை முடிக்கவில்லை. முடிக்க மாட்டேன்.)

முடிவு மூன்று. விர்யோ சுமத்ராப் பயணத்தை ரத்து செய்கிறான். இதைச் சமிங்கான் கேட்டால் மறுபடி சிரிப்பான். விற்ற மண் திரும்பி வராது.

"உண்மையில் என்ன நடந்ததோ அதை எழுதேன்" என்பீர்கள். எழுதினேன். சுலாமி படித்தாள், தாளை மடித்தாள், இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நடந்தது என் மண்ணுல. நான் என்ன சொன்னேன்ங்கிறது எனக்கும் பரிஜெமுக்கும். வினார்த்திக்கும். அத நீங்க ஊருக்கெல்லாம் படிச்சுக் காட்ட வேணாம்."

"கதைக்கு முடிவு வேணுமே?"

"உங்க பங்கு எதுவரைக்குமோ அதுவரைக்கும் எழுதுங்க."

8

ஆகவே என் பங்கு வரைக்கும்.

வெயில் ஏறிவிட்டது. மூங்கிலுக்கு அடியில் நின்றவர்கள் தோள் மாற்ற ஆரம்பித்தார்கள். கீழே வைத்து இளைப்பாற முடியாது. வழியில் தரை தொட்ட வீட்டில் யாரும் குடியிருக்க மாட்டார்கள். ஒரு பையன் கால் நரம்பு சுண்டி வெளியே வந்து உட்கார்ந்துவிட்டான். இடது பக்க மூங்கிலில் அவன் இடம் காலியாக இருந்தது.

"சொல்லுய்யா! தோளு கழண்டுரும்!" என்று கத்தினான் சமிங்கான்.

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். பரிஜெம் மட்டும் பார்க்கவில்லை. நான் வாசற்படியிலிருந்து இறங்கினேன். நேராகப் போய், அந்தப் பையன் விட்ட இடத்தில் குனிந்து, மூங்கிலுக்கு அடியில் என் தோளைக் கொடுத்தேன்.

"உன்னத் தூக்கச் சொல்லலய்யா! பதிலக் கேட்டேன்! பேனா புடிக்கிற தோளுக்கு இது எதுக்கு?"

"இப்ப நானும் தூக்குறவன். எங்க இறக்குறதுன்னு தூக்குறவன் பேசக் கூடாதுல்ல," என்றேன்.

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். சிரிப்பு உடனே நின்றது. மூங்கில் என் கழுத்தோரம் அழுத்தியது. இத்தனை வருஷம் அந்த வீட்டில் எத்தனையோ முறை தேநீர் குடித்திருக்கிறேன், அது இவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியாது. கொஞ்சம் முன்னால் விர்யோவின் பின்கழுத்து தெரிந்தது. அது குலுங்கிக்கொண்டிருந்தது. களைப்பா, அழுகையா என்று நான் பார்க்க விரும்பவில்லை.

தூரத்தில், வளைவுக்கு அந்தப் பக்கம், சந்தை வண்டியின் சத்தம் கேட்டது. பின்பக்கம் கூடைகளுக்கு நடுவே சுலாமி உட்கார்ந்திருப்பாள். இன்னும் ஒரு திருப்பம் இருக்கிறது.

என் பங்கு இங்கே முடிகிறது. நான் எழுதாமல் விட்ட ஒவ்வொரு நாளும் அந்த வீடு தரையைத் தொடாமல்தான் நிற்கிறது. அடியில் விர்யோ இருக்கிறான், சமிங்கான் இருக்கிறான், ஊர் இருக்கிறது, நானும் இருக்கிறேன். முன்னால் பரிஜெம் குடத்தை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொள்கிறாள். தண்ணீர் கொஞ்சம் தளும்பிப் புழுதியில் விழுகிறது. அவள் யாரிடமும் கேட்கப் போவதில்லை.

இங்கே தோள் காலியாக நிற்பது நீங்கள் ஒருவர்தான். மண் உங்களுடையதும் இல்லை, தெரியும். இருந்தாலும் சீக்கிரம் சொல்லுங்கள். இறக்கலாமா?